மாமா பாடிய அக்கா புலம்பல்

குமரா, என் செல்லத் தலையிடியே,

அடுத்த மாதம் உன் ஆட்டைத் திவசம், நீ போய் ஒரு வருடம். ஐயருக்குச் சொல்லியாகிவிட்டது. நீ மரக்கறியைக் கண்டாலே முகத்தைச் சுழிக்கிறவன், படைக்கப் போவதோ முழுக்க மரக்கறிதான். கோபம் வந்தால் வந்து சொல்லு, கேட்டுக்கொண்டு இருப்பேன்.

இந்தக் கடிதம் உனக்குத்தான், ஆனால் ஒளித்து எழுதவில்லை. ஒஸ்லோவில் இருக்கிற நம்மவர்கள் எல்லாரும் வாசிக்கட்டும். உன் முப்பத்தோராம் நாளில் நான் செய்த வேலையைப் பற்றி பத்து மாதமாய் வாய்க்கு வந்தபடி கதைக்கிறார்கள். சுபாவுக்கு மண்டை பிசகிவிட்டது, தாய்மாமனைச் சபையில் வைத்து மானம் கெடுத்தவள், படித்த திமிர் என்று நான் கேட்காத கதை இல்லை. நடந்ததை நடந்தபடி ஒருமுறை எழுதி வைக்கிறேன். நான் செய்தது பிழை என்று நீ மட்டும் சொல்லலாம். வேறு ஒருவருக்கும் அந்த உரிமை கிடையாது.

எங்கே தொடங்க? மாமாவின் காரில் தொடங்குகிறேன். சனிக்கிழமை தவறாமல் ஸ்ட்ரோம்மனில் இருந்து எங்கள் பியோர்ண்டால் வீட்டுக்கு வந்து, உன்னை ஏற்றிக்கொண்டு மிருதங்க வகுப்புக்குப் போவார். வகுப்பு முடியும்வரை வெளியில் குளிருக்குள் காரில் இருப்பார். அப்பா ஊரிலேயே போய்ச் சேர்ந்த பிறகு எங்களுக்கு எல்லாம் அவர்தான். ஹம்மர்பெஸ்ட்டில் மீன் தொழிற்சாலையில் கை விறைக்க நின்று உழைத்து, அம்மாவையும் எங்களையும் இந்த நாட்டுக்கு எடுத்தவர். அவர் செய்த நல்லதை நான் மறைக்கப் போவதில்லை. மறைக்கிற பழக்கத்தை விட்டு ஒரு வருடமாகப் போகிறது.

பள்ளிக்கூட இசை அறையில் ட்ரம்ஸைக் கண்ட நாளோடு உன் மிருதங்கம் கட்டிலுக்குக் கீழே போனது. "அக்கா, கையாலை வாசிச்சது காணும், இனிக் காலாலையும் வாசிக்கப்போறன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு மேசைக்குக் கீழே இரண்டு காலாலும் உதைத்துக்கொண்டே இருப்பாய். கோப்பையில் சொதி தளும்பும். அம்மா ஏசுவா, நீ இன்னும் வேகமாய் உதைப்பாய். பிறகு ஸ்தியான் வந்தான், பாடுவதற்கும் கிற்றாருக்கும். பேஸ் கிற்றாருக்கு எங்கள் பக்கத்துக் கட்டிடத்து நிரோசன். மூன்று பேரும் கிரொன்லாண்டில் ஒரு நிலவறையை வாடகைக்கு எடுத்து, முட்டைத் தட்டுகளைச் சுவரில் ஒட்டிவிட்டு, அதற்குள்ளேயே குடியிருந்தீர்கள்.

உன் கச்சேரிக்கு நான் ஒரே ஒரு தரம் வந்தேன், காதுக்குள் பஞ்சு வைத்துக்கொண்டு. இரண்டு நாள் நித்திரை இல்லாமல், விரல் முறிந்து, முறிந்த விரலைத் தடியோடு சேர்த்து நாடாவால் சுற்றிக்கொண்டு வாசித்தாய். கூட்டம் உன் பெயரில் பாதியைக் கத்தியது. கும், கும் என்று. எனக்கு மயிர் கூச்செறிந்தது, அழுகை வந்தது. அன்றைக்கு நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா? வீட்டுக்கு வந்து, "உன்ரை காது போகப் போகுது" என்று மட்டும்தான் சொன்னேன்.

அந்த விரலை நான் பெருமையாகப் பார்த்தேன் பார், அதுதான் என் முதல் பிழை. வலியே தெரியாமல் ஒருவன் எப்படி வாசிப்பான் என்று யோசித்திருக்க வேண்டும். நித்திரைக்கு ஒரு குளிசை, எழும்ப ஒரு குளிசை, பிறகு புகை, பிறகு ஊசி. ஸ்தியானும் எடுத்தான், நிரோசனும் எடுத்தான். இசைக்காரன் என்றால் இப்படித்தான் வாழ வேண்டும் என்று மூன்று பேரும் ஆளை ஆள் உசுப்பிவிட்டீர்கள். அவர்கள் இரண்டு பேரும் ஒரு கட்டத்தில் பயந்து நிறுத்தினார்கள். உனக்குப் பயம் என்பதே சின்ன வயதில் இருந்து கிடையாது. உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது குமரா, அது இல்லை என்று நினைத்துவிடாதே.

நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் ஊரார் கையில் நரம்பு தேடி இரத்தம் எடுக்கிறவள் நான். யூலை மாத வெயிலில் நீ முழுக்கைச் சட்டையோடு திரிந்தபோது எனக்கு விளங்காமல் இருக்குமா? விளங்கியது. அம்மா கேட்டபோது, "தோல் வருத்தம், வெயில் படக்கூடாதாம்" என்று சொன்னது நான்தான். உன்னிடம் கத்தினேன், அழுதேன், கெஞ்சினேன். ஆனால் வெளியில் ஒரு மனிதருக்கும் வாய் திறக்கவில்லை.

நீ போவதற்கு இரண்டு மாதத்துக்கு முன் ஸ்தியான் எங்கள் வீட்டுக்கு வந்தான். உனக்கு அது தெரியாது. தலைமயிரை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு, சப்பாத்தைக் கழற்றி வாசலிலேயே வைத்துவிட்டு, "உங்கள் பிள்ளைக்குச் சுகமில்லை, ஏதாவது செய்யுங்கள், நான் சொன்னால் கேட்கிறான் இல்லை" என்று நோர்வே மொழியில் சொன்னான். கதவைத் திறந்தது, அன்றைக்கு வந்திருந்த மாமா. "எங்கள் பிள்ளையை நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்று சொல்லிச் சாத்திவிட்டார். உள்ளே இருந்து அம்மா ஆர் என்று கேட்டதற்கு, "கச்சேரிக்கு ரிக்கெற் விக்க வந்த பெடியன்" என்றார். நான் குசினிக்குள் நின்று எல்லாம் கேட்டேன். போய் அந்தக் கதவைத் திறந்தேனா? இல்லை.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. பின்னேரம் நாலே கால் மணிக்கு மாமா எனக்கு வேலையிடத்துக்குத் தொலைபேசி அடித்தார். நிலவறையில் விழுந்தாய், அம்புலன்ஸ் வந்தது, ஒன்றும் செய்ய முடியவில்லை என்றார். வைத்தியர் எனக்குத் தனியாகச் சொன்னது ஹெரோயின் என்று. மாமா என் தோளில் கை வைத்து, "பிள்ளை, இதயம் நிண்டது எண்டு சொல்லுவம். அது பொய்யில்லை. அம்மா தாங்க மாட்டா" என்றார். நான் தலையாட்டினேன். மரண அறிவித்தலில் 'திடீர் மாரடைப்பு' என்று தட்டச்சு செய்தது இந்தக் கைதான்.

மாமாவின் கல்வெட்டுகள் எல்லாவற்றையும் நான்தானே தட்டச்சு செய்து கொடுப்பேன். கல்வெட்டு என்றால் என்ன என்று நீ ஸ்தியானுக்கு ஒருமுறை விளங்கப்படுத்தினாய், நினைவிருக்கிறதா? "செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் வெளியிடுற அல்பம். படம் இருக்கும், வரலாறு இருக்கும், பாட்டெல்லாம் இருக்கும். ஆனால் ஆளாலை கேட்க ஏலாது" என்றாய். அவன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். ஒஸ்லோவில் யார் செத்தாலும் கல்வெட்டுப் பாட மாமாதான். எழுதுவதும் அவர், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி மண்டபத்தில் சால்வையைப் போட்டுக்கொண்டு இராகத்தோடு பாடுவதும் அவர். நீல மையால் கையெழுத்தில் எழுதி வருவார், நான் கொம்பியூட்டரில் பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுப்பேன்.

உன்னுடையதையும் அப்படியே எழுதிக் கொண்டுவந்தார். மாரடைப்பு, மிருதங்கம், பெரியோரை மதித்த பண்பு, எல்லாம் இருந்தது. ட்ரம்ஸ் என்ற ஒரு சொல் இல்லை. அட்டைப் படத்துக்கு மச்சாளின் கலியாணத்தில் எடுத்ததைத் தந்து, "இந்த முடியைக் கொம்பியூட்டரிலை கொஞ்சம் வெட்டிவிடு பிள்ளை" என்றார். உயிரோடு இருக்கும்போது யாரையும் தொடவிடாத முடி. இரண்டு மணித்தியாலம் இருந்து வெட்டினேன். பாவி நான், நல்ல வடிவாகவும் வெட்டினேன்.

கடைசிப் பக்கங்களில் வழமை போலப் புலம்பல்கள். தாய் புலம்பல், மாமன் புலம்பல், பிறகு அக்கா புலம்பல். என் பெயரில், என் வாயால் நான் அழுகிற மாதிரி, அவர் எழுதியது. 'பத்தரை மாற்றுத் தங்கம் பாதியில் மறைந்த தென்ன' என்று தொடங்கும். தட்டச்சு செய்தபோது எனக்கு ஒரு கோபமும் வரவில்லை, அதைத்தான் இப்போது நினைத்தால் தாங்க முடியவில்லை. இருபத்தைந்து கல்வெட்டுக்கு மேல் அடித்த கை, உன் பெயரையும் அப்படியே அடித்துவிட்டது. புதன்கிழமை மாமா படியெடுத்துப் பார்த்து, எழுத்துப்பிழை திருத்தி, அடியில் 'சரி' என்று எழுதித் தந்தார்.

வியாழக்கிழமை வேலை முடிந்து இறங்க, பஸ் தரிப்பில் நிரோசன் நின்றான். மழையில் நனைந்து, குடை இல்லாமல்.

"சுபாக்கா, நான் முதல் மாமாவுக்குத்தான் அடிச்சனான்."

எனக்கு விளங்கவில்லை. "எப்ப?"

"அவன் விழுந்த உடனை. மூச்சு வந்துகொண்டுதான் இருந்தது அக்கா, குறட்டை மாதிரி. ஸ்தியான் கடைக்குப் போயிருந்தவன். நான் தனிய. மாமா சொன்னவர், அம்புலன்சுக்கு அடிச்சால் பொலிசும் வரும், நாளைக்குச் சனமெல்லாம் கதைக்கும், குடும்பத்தின்ரை பேர் போயிடும், முகத்திலை தண்ணி அடி, கோப்பி பருக்கு, நான் வாறன் எண்டு."

"நீ என்ன செய்தனீ?"

"முகத்திலை தண்ணி அடிச்சனான். பாத்துக்கொண்டு நிண்டனான்."

தன் நோக்கியா போனை நீட்டினான். மாமாவின் பெயரும் நேரமும் அதில் இருந்தது, மூன்று பத்து. மாமா வந்து சேர்ந்தது மூன்று ஐம்பதுக்கு. வந்தும் அடிக்கவில்லையாம், நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டு இருந்தாராம். ஸ்தியான் திரும்பி வந்து, உன் முகத்தைப் பார்த்துக் குழறிவிட்டு, அவன்தான் அடித்தான். எட்டு நிமிடத்தில் அம்புலன்ஸ் வந்தது. அதோடு பொலிஸ் வரவும் இல்லை.

ஹெரோயினால் மூச்சு நின்றுபோகிறவர்களுக்கு ஒரு ஊசி ஏற்றுவார்கள். அப்படி ஏற்றி எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் கேட்டவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நீ தப்பியிருப்பாய் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. உனக்கு நாற்பது நிமிடம் இருந்தது, அதை இன்னொருவர் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நிரோசனை அடிக்கக் கை ஓங்கினேன், அடிக்கவில்லை. அவனும் எங்களைப் போல வளர்ந்தவன்தானே. கார் இடித்தால் மாமாவுக்கு அடி, பள்ளிக்கூடத்தில் இருந்து கடிதம் வந்தால் மாமாவிடம் காட்டு, விசா அலுவலகம், வீட்டுச் சண்டை, எதுவென்றாலும் முதலில் மாமா. அந்த நிலவறையில் நான் நின்றிருந்தால் யாருக்கு அடித்திருப்பேன்? இந்தக் கேள்விக்கு நீ பதில் சொல்லாதே.

வீட்டுக்குப் போய்க் கொம்பியூட்டரில் கல்வெட்டுக் கோப்பைத் திறந்தேன். மாரடைப்பை மாற்றவில்லை, உன் வெட்டின முடியை மாற்றவில்லை, அம்மாவின் புலம்பலில் கை வைக்கவில்லை. என் புலம்பலை மட்டும் அழித்தேன். என் அழுகையை நான் எழுதக்கூடாதா? மாமாவின் எத்தனையோ விருத்தத்தை அடித்து அடித்து, அந்தச் சந்தம் எனக்கு மனப்பாடம். அவர் போட்ட அதே அளவில் நாலே வரி எழுதினேன்:

மூச்சது திணறத் தம்பி முகமது நீலம் ஆகப்
பேச்சிலே மாமன் சொன்னார் பேர்கெடும் பொறுங்கள் என்று
கூச்சலும் போட வில்லை கூப்பிட வில்லை யாரும்
போச்சுது நிமிடம் நாற்பான் போனது தம்பி மூச்சே

வெள்ளிக்கிழமை அச்சகத்துக்கு அனுப்பினேன். இருநூறு பிரதி. ஞாயிறு காலை பெட்டியோடு மண்டபத்துக்குக் கொண்டுபோய், ஒவ்வொருவர் கையிலும் நானே கொடுத்தேன். மாமா கையிலும் நான்தான் கொடுத்தேன். அட்டையைப் பார்த்து, "நல்லாய் வந்திருக்கு பிள்ளை" என்றார். அவர் உள்ளே பிரித்துப் பார்ப்பாரோ என்று அவர் விரலையே பார்த்தேன். அவர் பிரிக்கவில்லை. தான் எழுதியதுதானே என்ற நம்பிக்கை.

மண்டபம் நிறைந்த சனம். ஸ்தியானும் வந்திருந்தான், பின் கதவோடு நின்றான். மாமா சால்வையைச் சரிசெய்து, தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். அவர் நல்ல பாட்டுக்காரர், அதை யாரும் இல்லை என்று சொல்ல ஏலாது. தாய் புலம்பலுக்குப் பெண்கள் எல்லாரும் அழுதார்கள். மாமன் புலம்பலுக்கு அவரே அழுதார். பிறகு பக்கத்தைப் புரட்டினார்.

ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் பாடுகிற அவரின் பழக்கம் உனக்குத் தெரியும். நீ அதைக் கேலி செய்து காட்டுவாய். முதல் வரியை இரண்டு தரம் பாடினார். தான் எழுதாத வரி என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும், ஆனால் வாய் இராகத்தில் போய்க்கொண்டிருந்தது, கல்வெட்டை இடையில் நிறுத்தி அவருக்குப் பழக்கமும் இல்லை. இரண்டாவது வரியை நல்ல நீட்டி, கையையும் விரித்துப் பாடினார். மாமன் சொன்னார், பேர்கெடும் பொறுங்கள் என்று. திரும்பவும் அதே வரியை எடுத்தார். மாமன் என்ற இடத்தில் குரல் உடைந்தது. அதோடு நின்றது.

பிறகு இருநூறு பேரும் கையில் இருந்ததைப் பிரிக்கிற கடதாசிச் சத்தம் மட்டும். மிச்ச வரிகளை எல்லாரும் தாங்களாகவே வாசித்தார்கள்.

அம்மா எழும்பினா. கையில் புத்தகம். "அண்ணை, எத்தினை நிமிசம்?"

"தங்கச்சி, உவள் பிள்ளை ஒண்டும் விளங்காமல் எழுதிப்போட்டாள்..."

"எத்தினை நிமிசம் எண்டு கேட்டனான்."

"றோட்டிலை நெரிசல்" என்றார் மாமா.

அம்மா பந்திப் பக்கம் திரும்பி, "சாப்பாட்டைப் போடுங்கோ, சனம் பசியோடை இருக்குது" என்றா. மாமா சால்வையைக் கழற்றி மடித்துக்கொண்டு வெளியே போனார். மருமகனின் அந்தியேட்டியில் தாய்மாமன் கை நனைக்காமல் போனது எங்கள் பரம்பரையில் அதுதான் முதல் தரம். எனக்கு எப்படி இருந்தது தெரியுமா குமரா? இனித்தது. முப்பது நாளும் இறங்காத சோறு அன்றைக்கு இறங்கியது, இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன்.

எனக்கும் தண்டனை கிடைத்தது. ஸ்தியானிடம் மிச்சத்தையும் கேட்டு அறிந்த அம்மா, வீட்டுக்கு வந்து சீலை மாற்றாமல் இருந்துகொண்டு, "ஊசிக் கதை நீயும் தெரிஞ்சு வைச்சிருந்தனியோ?" என்று கேட்டா. ஓம் என்றேன். அதற்குப் பிறகு இரண்டரை மாதம் என்னோடு கதைக்கவில்லை. சோறு போட்டு மூடி வைப்பா, நான் சாப்பிடுவேன். இப்போது கதைக்கிறா, ஆனால் என் முகத்தைப் பார்த்து இல்லை.

புதினம் கேட்பாய். நிரோசன் பேஸ் கிற்றாரைத் தொடுகிறான் இல்லை, பஸ் ஓட்டப் படிக்கிறான். நீ கடைசியாய் வாசித்ததை ஸ்தியான் சீடி இறுவட்டாகப் போடக் கேட்டான். ஓம் என்று சொன்னேன், உன் முழுப்பெயரும் போட்டு, எதனால் செத்தாய் என்றும் போட வேண்டும் என்றேன். அவன் அழுதுகொண்டு சம்மதித்தான். மாமாவை இப்போது ஒருவரும் கல்வெட்டுப் பாடக் கூப்பிடுவதில்லை. அவர் எழும்பிப் பாடத் தொடங்கினால் சனம் உன்னைத்தான் நினைக்கும் என்று அவர்களுக்கும் தெரியும்.

போன ஞாயிறு அவர் வீட்டுக்கு வந்தார். ஆள் மெலிந்துவிட்டார், மேலங்கி தோளில் நிற்கவில்லை. அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினா. திவசத்துக்குச் சின்னதாய் ஒரு புத்தகம், நல்லதாய், அந்த நாலு வரி இல்லாமல் அடிக்கலாமா என்று கேட்டார்.

"ஏன் மாமா?"

"சனம் கதைக்குது பிள்ளை. அண்டைக்கு நான் நினைச்சது உங்கடை பேரைத்தான். என்னை நம்பு."

"நம்புறன் மாமா."

உண்மையாகவே நம்புகிறேன். அவர் எங்கள் பெயரைத்தான் நினைத்தார், உன்னை நினைக்கவில்லை. அவர் தேத்தண்ணீரைத் தொடாமல் சுவரில் உன் படத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். வெட்டாத முடியோடு இருக்கிற படம். கண்ணில் தண்ணீர் ஓடியது.

"எத்தினை பேருக்கு எழுதினனான். நான் செத்தால் என்ரை கல்வெட்டை ஆர் எழுதப்போகினம்?"

"நான்தான் மாமா."

அவர் முகம் தெளிந்தது. ஒரு நிமிடம், மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார். நினைக்கட்டும் என்று விட்டேன். பிறகு அவருக்கு விளங்கியது. எழும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு சப்பாத்தைப் போட்டார். மின்தூக்கி வரும்வரை பார்க்காமல் படியால் இறங்கிப் போனார்.

இதுதான் உனக்கு என் வாக்கு, குமரா. மாமாவின் கல்வெட்டை நான் எழுதுவேன். அவர் செய்த நல்லதில் ஒரு சொல்லும் குறைக்க மாட்டேன், அந்த நாற்பது நிமிடத்தில் ஒரு நிமிடமும் குறைக்க மாட்டேன். அவர் பிள்ளைகள் விட்டாலும் எழுதுவேன், விடாவிட்டாலும் எழுதுவேன். அதுவரைக்கும் வெள்ளிக்கிழமை தோறும் கோயிலுக்குப் போய், அவர் பெயருக்கும் அவர் நட்சத்திரத்துக்கும் அருச்சனை செய்கிறேன். ஐயர் என்ன வேண்டுதல் என்று கேட்டார், நீண்ட ஆயுள் என்று சொன்னேன்.

தனக்குப் பதிலாய் அழ இனி யாரையும் விடாத,
உன் ஒரே அக்கா
சுபா
பியோர்ண்டால், ஒஸ்லோ